பச்சைத் தலை அக்கா

போன மாதம் மகள் என்னை நகரத்துக்குள் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய உடுப்புகளின் கண்காட்சி. சீமாட்டிகளின் பட்டுக் கவுன்களையும் யுத்தகாலத்துக் கோட்டுகளையும் கடந்து போனால், கடைசி அறையின் வாசலில் 'பங்க்' என்று எழுதியிருந்தது. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காற்சட்டை ஒன்று தொங்கியது. சிவப்புத் துணியில் கறுப்புக் கட்டம். இரண்டு கால்களையும் ஒரு பட்டி சேர்த்துக் கட்டியிருந்தது. தொடையில், முழங்காலுக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே என்று ஒரு தேவையும் இல்லாத இடங்களில் எல்லாம் இழுத்துப் பூட்டும் சிப் வைத்துத் தைத்திருந்தார்கள். தொட வேண்டாம் என்று பக்கத்தில் ஓர் அறிவித்தல்.

மகள் கீழே இருந்த விளக்கத்தை வாசித்து எனக்குச் சொல்லத் தொடங்கினாள். எழுபதுகளின் கடைசியில் வேலையில்லாமல் திரிந்த இளம் பிள்ளைகள் இப்படி உடுத்தினார்களாம். பாட்டுப் படிக்காதவர்களே பாட்டுக் குழு தொடங்கினார்களாம். நல்ல உடுப்பைக் கிழித்து ஊசி குத்திப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து பெரியவர்களை அதிரவைத்தார்களாம். நான் இடைமறித்து, இந்தக் காற்சட்டையோடு எனக்கு ஒருத்தியைத் தெரியும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆர், அந்தக் கிறீன் ஹெயார் அன்ரியோ?"

அவவேதான். பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கு இரண்டு பெயர் இருந்தது. ஒன்று அப்பா வைத்தது, யாழ்ப்பாணத்து அம்மன் ஒருத்தியின் பெயர். மற்றது பாட்டுக் குழுவில் இருந்தபோது தானே வைத்துக்கொண்டது, பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல முடியாதது. ஒன்றை எழுதினால் மற்றதுக்குக் கோபம் வரும். எனக்கு அவர் அக்கா. வேடிக்கை என்னவென்றால் அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருந்தும்.

அதற்குக் காரணம் அவருடைய தமிழ். பதினொரு வயதில் லண்டனுக்கு வந்தவர். அதன் பிறகு தமிழ் அவரோடு சேர்ந்து வளரவில்லை. பதினொரு வயதுப் பெட்டைக்குச் சேலை கட்டின எல்லாரும் அக்கா அல்லது அன்ரி. பசித்தால் "வயித்துக்குள்ள எலி ஓடுது" என்பார். யாராவது செத்துப்போனால் "சாமியிட்டப் போயிட்டார்" என்பார். தோல் ஜக்கெட்டும், முழங்கால் வரைக்கும் லேஸ் இழுத்துக் கட்டிய கறுப்பு பூட்ஸும், கோழிக்கொண்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும் பச்சைத் தலைமயிருமாக ஒருத்தி நின்றுகொண்டு இப்படிக் கதைப்பதைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்சம் பழகினால் தூக்கி மடியில் வைக்கவேண்டும் போல இருக்கும்.

நான் அவரைச் சந்தித்தது லண்டன் ஹவுன்ஸ்லோவில். கல்யாணம் முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவருக்கு பெற்றோல் ஸ்ரேசனில் வேலை, எனக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை. வேலைக்குத் தந்த காற்சட்டை ஆறடி வெள்ளைக்காரனுக்குத் தைத்ததோ என்னவோ, இரண்டு முறை மடித்துவிட்டாலும் தரையைக் கூட்டியது. உடுப்பு வெளுக்கும் கடைக்குப் பக்கத்தில் சின்னத் தையல் கடை ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

உள்ளே போனதும் திரும்பி வந்துவிடலாமா என்று நினைத்தேன். மெசினுக்குப் பின்னால் இருந்த பெண்ணின் காது, மேலிருந்து கீழ்வரை வளையங்களால் நிறைந்திருந்தது. எந்த நாட்டுக்காரி என்று பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் காற்சட்டையைக் காட்டி ஷோர்ட், ஷோர்ட் என்றேன். அவர் என் நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலிக்கொடியையும் பார்த்துவிட்டு, "அக்கா யாழ்ப்பாணமோ?" என்று கேட்டார். என் வாய் திறந்தது மூடவில்லை.

அடுத்த நாள் காற்சட்டையை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஒரு கால் மற்றக் காலைவிட ஒரு விரல் கட்டை. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். நடக்கும்போது ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும்தானே போகும், இரண்டையும் ஒன்றாக ஆர் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டார். அந்தக் காற்சட்டையை இரண்டு வருடம் போட்டேன். உண்மைதான், ஒருவரும் பார்க்கவில்லை.

அவருக்குத் தையல் தெரியாது. அதை அவரே சொல்லுவார். கடையை வாடகைக்கு எடுத்த பிறகுதான் மெசினில் நூல் கோர்க்கப் பழகியவர். சேலைச் சட்டை தைக்கக் கேட்டு முதல் பெண் வந்தபோது, அதற்கு எத்தனை துண்டு வெட்டவேண்டும் என்றுகூடத் தெரியாமல் ஓம் என்று வாங்கி வைத்தவர். அந்தச் சட்டைக்கு முதுகில் கொக்கிக்குப் பதில் சிப் இருந்தது. அந்தப் பெண் முதலில் முறைத்தாள், பிறகு இது வசதியாக இருக்கிறது என்று தங்கச்சிக்கும் தைக்கக் கொண்டுவந்தாள். இப்படி இப்படித்தான் கடை ஓடியது. ஊரில் சட்டை தைக்கப் போனால் அளவெடுக்கும்போதே, போன முறையைவிட உடம்பு வைத்துவிட்டது என்பார்கள். அக்கா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நாடாவைச் சுற்றிவிட்டு, எண்ணைக்கூடப் பார்க்காமல் "வடிவாயிருக்கு" என்பார். அளவு பிழைத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

எதைப் பற்றிக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில் இருந்தது.

"தெரியாட்டி என்ன, அக்கா? செய்து பாத்தால் தெரியும்தானே."

அவர் ட்ரம் அடிக்கத் தொடங்கியதும் அப்படித்தான். பதினேழு வயதில், பள்ளிக்கூடத்தில் கூடப்படித்த மூன்று வெள்ளைக்காரப் பெட்டைகள் பாட்டுக் குழு தொடங்கி, உனக்கு ட்ரம் அடிக்க ஏலுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஏலும் என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் அவர் கையில் எடுத்திருந்த தடி அம்மாவின் அகப்பைக் காம்பு மட்டும்தான். மற்ற மூன்று பேருக்கும் கிற்றாரில் மூன்று கோர்டு, மூன்று விரல்பிடி, தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. பப் ஒன்றின் மேல்மாடியில் முதல் நிகழ்ச்சி. அடித்த அடியில் தடி ஒன்று முறிந்துபோக, காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றி அதால் அடித்தாராம். சனம் பியரை எடுத்து எறிந்தது. அது பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளமாம். எனக்கு இது விளங்கவே இல்லை. பிடிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பிடிக்காவிட்டாலும் அதையேதான் செய்வார்கள் என்றார்.

அந்தக் காலத்தில் தெருவில் தனியே போகும் எங்கள் ஆட்களுக்கு அடி விழும். மொட்டை அடித்த வெள்ளைக்காரப் பொடியள் கூட்டமாகத் திரிந்து கறுப்புத் தோல்காரரைத் தேடித்தேடி அடித்தார்கள். பங்க் பிள்ளைகளில் கொஞ்சப் பேர் அந்தப் பக்கம் போனார்களாம். மற்றக் கொஞ்சப் பேர் கறுப்பர்களின் பாட்டுக் குழுக்களோடு ஒரே மேடையில் ஏறி, இனவெறிக்கு எதிராகப் பூங்காக்களில் கச்சேரி வைத்து, ஊர்வலம் போனார்களாம். அக்காவின் குழு அவர்களோடு நின்றது. ஒருமுறை ஒரு மண்டபத்தில் இவர்கள் மேடையேறியதும் பின்னால் நின்ற ஒரு கூட்டம், பாகியை இறக்கு, இறக்கு என்று கத்தத் தொடங்கியிருக்கிறது. பாகி என்பது எங்கள் நிறத்துக்காரரைத் திட்டும் சொல்; மேடையில் அந்த நிறத்தில் இருந்தது இவர் ஒருவர்தான். ஒரு கண்ணாடிக் கிளாஸ் வந்து புருவத்தில் பட்டது. தழும்பு கடைசிவரைக்கும் இருந்தது.

பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அவங்களிட்ட வாய்தான் இருந்தது. என்னட்ட ட்ரம் இருந்தது" என்றார். இரத்தம் கண்ணுக்குள் இறங்க இறங்க, அவர்கள் கத்தி ஓயும்வரைக்கும் நிறுத்தாமல் அடித்தாராம். அது ஒரு பாட்டும் இல்லை, சும்மா அடி. கொஞ்ச நேரத்தில் முன்னால் நின்ற பிள்ளைகள் எல்லாரும் காலால் தரையை உதைக்கத் தொடங்கிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் ஒரு சட்டைக்குத் தெறி, அதுதான் பொத்தான், தைத்துக்கொண்டிருந்தார். தெறி தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தது.

எனக்கு அவர் செய்த உதவியைச் சொன்னால் பலர் அதை உதவி என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். மகள் பிறந்த பிறகு நாங்கள் இருந்த வீட்டின் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. குழந்தைக்கு மூச்சிழுப்பு. வீட்டைப் பார்க்கும் ஏஜென்சிக்குக் கணவர் இரண்டு மூன்று தடவை போய்வந்தார். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்காக வந்து இங்கிலீசில் கதைக்கச் சொல்லி அக்காவைக் கேட்டேன். லண்டனில் வளர்ந்தவர், அவர் வாயைத் திறந்தால் யாரும் ஒதுங்குவார்கள். அவர் மாட்டேன் என்றார். கூட வருவேன், வாய் திறக்கமாட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னுடைய இங்கிலீஸ் கூடாது, சிரிப்பார்கள் என்றேன்.

"மூண்டு கோர்டு தெரிஞ்சு நாங்கள் ரெக்கோர்ட் போட்டனாங்கள், அக்கா. உங்களுக்கு நூறு சொல்லுத் தெரியும். அது தாராளமாய்க் காணும்."

அந்த ரெக்கோர்டை எனக்குக் காட்டியிருக்கிறார். உறையைத் தாங்களே கையால் எழுதி, போட்டோகொப்பி எடுத்து, அடுப்படி மேசையில் இருந்து மடித்து ஒட்டினார்களாம். எழுத்துப்பிழைகூட இருந்தது.

ஏஜென்சி அலுவலகத்தில் அக்கா எனக்குப் பக்கத்துக் கதிரையில் காலுக்குமேல் கால் போட்டு இருந்தார். அங்கிருந்த ஆள் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக் கேள்வி கேட்டான். அவர் ஒவ்வொரு முறையும் ஒரு விரலால் என்னைக் காட்டினார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. குழந்தை, சுவர், கறுப்பு, இருமல், டொக்டர் என்று இருந்த சொல்லை எல்லாம் கொட்டினேன். இடையில் சத்தம் கூடிவிட்டது என்று மட்டும் தெரியும். ஏனென்றால் பின்மேசையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஒரு கிழமைக்குள் ஆட்கள் வந்து சுவரைச் சுரண்டிப் பூசினார்கள். வெளியே வந்ததும் அக்கா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். தன்னுடைய முதல் நிகழ்ச்சியைவிட என்னுடையது நன்றாக இருந்தது என்றார்.

பதிலுக்கு நான் அவருக்குச் செய்தது ஒன்றுதான். அவருக்குத் தமிழில் ஒரு கெட்ட வார்த்தையும் தெரியாது. பதினொரு வயதுக்குள் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? திட்டுவது எல்லாம் இங்கிலீசில். தமிழில் பழக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினார். எனக்கும் பெரிதாகத் தெரியாது. மூதேசி, சனியன், விசரன் என்று கொஞ்சம் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு அவர் பட்ட சந்தோசத்தைச் சொல்ல முடியாது. மெசினில் நூல் அறும்போதெல்லாம் "மூதேசி" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லுவார்.

விம்பிள்டன் கோயிலுக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பிள்ளைகள் சுற்றிவந்து தலைமயிரைத் தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள். குனிந்து கொடுப்பார். ஒரு நாள் ஒரு வயதான அம்மா கிட்டே வந்து, ஏன் பிள்ளை இந்தக் கோலம், ஆரோடை கோபம் என்று கேட்டார். நான் பயந்துகொண்டு நின்றேன். அக்காவுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது போல. "கோபமில்லை அன்ரி. வடிவாயிருக்கெண்டுதான்" என்றார்.

ஆனால் அவருடைய அப்பாவோடு கோபம் இருந்தது. சரியாகச் சொன்னால் அப்பாவுக்கு இவரோடு. பெரியவர் கணக்காளர். வீட்டிலிருந்து தபால்பெட்டிவரை போவதென்றாலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டி டை கட்டுகிறவர். மகள் ஒரு நாள் தலைமயிரைத் தானே வெட்டி, கட்டம் போட்ட அந்தக் காற்சட்டையோடு கோயில் திருவிழாவுக்கு வெளிக்கிட்டபோது, அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அன்றைக்குக் கதைக்காமல் விட்டவர் பிறகு கதைக்கவே இல்லை. இரண்டு மாதம் ஒரே மேசையில் இருந்து அப்படிச் சாப்பிட்ட பிறகு அக்கா வீட்டைவிட்டு வெளிக்கிட்டார்.

அம்மா மட்டும் கடைக்கு வந்துபோவாவாம். மகளைப் பார்க்க என்று வந்தால் புருசனுக்குப் பொய் சொல்லவேண்டும். அதனால் ஒரு பாவாடையைக் கொண்டுவருவாவாம், சுருக்கித் தரச் சொல்லி. அடுத்த மாதம் அதே பாவாடை, தளர்த்தித் தரச் சொல்லி. அம்மா போய்ச் சேரும்வரைக்கும் அந்தப் பாவாடை சுருங்கியும் தளர்ந்தும் வந்துகொண்டிருந்தது. செத்த வீட்டில் தகப்பனும் மகளும் ஒரே அறையில் நின்றார்கள். அப்போதும் கதைக்கவில்லை.

பெரியவர் லண்டனின் மற்றக் கரையில், செவன் கிங்ஸில், மகனோடு இருந்தார். ஒரு வருடம் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்துச் சேர்த்துவிட்டுப் போனார்கள். நல்ல இல்லம்தான். ஆனால் பெரியவர் அங்கே சாப்பிட மறுத்துவிட்டார். அக்காவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி போனில் விசயத்தை மட்டும் சொன்னான். அவர் போனை வைத்துவிட்டு, கடையின் பின்னறையில் இருந்த துணிக் கட்டுகளை எல்லாம் மேல்மாடிக்கு ஏற்றச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார். அந்த இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டார். பழைய பாட்டுக் குழுக்காரி ஒருத்தியின் வான் வண்டியில் போய்த் தகப்பனை ஏற்றிக்கொண்டு வந்தார்.

உங்களுக்கு நோயில் கிடக்கிற வருத்தக்காரரைப் பார்க்கத் தெரியுமா, அக்கா, என்று கேட்டேன். என்ன பதில் சொல்லியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் வைத்த கஞ்சியை நான் குடித்துப் பார்த்தேன். ஒட்டுப்பசை. ஒரு மாதத்துக்குள் கஞ்சி கஞ்சியாகியது, சோறு சோறாகியது. ஆனால் பெரியவர் வாய் திறக்கவில்லை. வேண்டியதைச் சுவருக்குச் சொல்லுவார். "ஆரும் அந்த ரேடியோவைக் குறைச்சால் நல்லது." நான் அங்கே போனால் அவருக்கு நிம்மதி, ஏனென்றால் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிடும். "பிள்ளை, அவவிட்டச் சொல்லுங்கோ, தேத்தண்ணிக்குச் சீனி காணாது." அவ இரண்டடி தள்ளி மெசினில் இருப்பார். "சீனி கூடாதெண்டு டொக்டர் சொன்னதெண்டு சொல்லுங்கோ, அக்கா." நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லுவேன். வேலை முடித்து வந்து கால் உளைய உளைய, தபால்காரி மாதிரி அதை ஏன் செய்தேன் என்று தெரியாது. இரண்டு பேரிலும் எனக்கு விருப்பம்.

பெரியவரின் பெரிய துன்பம் சட்டைத் தெறி. காலையில் எழும்பி இடக்கையால் பூட்டப் பார்ப்பார். மூன்றாவது தெறியோடு விரல் களைத்துவிடும். பூட்டிவிட வந்தால் யாரானாலும் கையைத் தட்டிவிடுவார். பிறகு பெனியனோடு கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருப்பார். கடைப்பக்கம் வரமாட்டார். கோயிலுக்கு வரமாட்டார். யாரும் பார்க்க வந்தால் நித்திரை என்று சொல்லச் சொல்லுவார். அந்த முறை அவருடைய பள்ளிக்கூடப் பழைய மாணவர்கள் கூடிச் சாப்பிடும் நாள் நெருங்கியது. அவர் ஒரு வருடமும் தவறவிடாதது. கூட்டாளி ஒருவர் போன் எடுத்துக் கூப்பிட்டார். தனக்குக் காய்ச்சல் என்றார் பெரியவர். மெசின் சத்தம் நின்றது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நான் போனபோது பெரியவர் உரத்துக் கத்திக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பிள்ளை, இஞ்சை வந்து பாருங்கோ. அவ என்ர சட்டையை வெட்டிப்போட்டா."

அவருடைய மிக நல்ல வெள்ளைச் சட்டை. தெறி அத்தனையும் வெட்டப்பட்டு ஒரு கிண்ணத்தில் கிடந்தது. முன்பக்கத்தின் இரண்டு கரையும் நூலாய்த் தொங்கியது. இதை நீங்கள் கேட்டுச் செய்திருக்கலாமே என்று அக்காவிடம் சொன்னேன். கேட்டால் வேண்டாம் என்பார், பிறகு வெட்டினால் அது இன்னும் பிழையல்லவா என்றார். அவர் முகம் வெளிறியிருந்தது. பயந்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. புருவத்தில் கிளாஸ் பட்ட கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னவர்.

கறுப்பு நிறத்தில் பெரிய பல்லுள்ள சிப் ஒன்றை எடுத்தார். கீழ்முனை பிரியாமல் ஏற்கெனவே கோர்த்திருக்கும்படி தைத்தார், ஒரு கையாலேயே தலைவழியாகப் போட்டு இழுக்கலாம் என்று. இழுக்கும் இடத்தில், நடுங்கும் விரல் ஒன்று நுழையக்கூடிய அளவில் ஒரு வெள்ளி வளையம். கொலரின் உட்புறம் சிவப்புக் கட்டம் போட்ட துணி. தைத்து முடித்துப் பிடித்துப் பார்த்தார். கொலர் ஒரு பக்கம் ஏறி நின்றது. அவர் தைத்ததில் நேராக நின்றது எது? ஆனால் அதை முழுதும் பிரித்தார். திரும்பத் தைத்தார், திரும்பவும் பிரித்தார். அவர் ஒன்றைப் பிரித்துத் தைத்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். முடித்ததும் அப்பாவின் அறைக் கதவில் மாட்டிவிட்டு மேலே போய்விட்டார்.

சில நாள் அது கதவிலேயே தொங்கியது. பெரியவர் அதன் பக்கம் திரும்பவில்லை. ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து கடைக் கதவைத் திறந்தேன். வாடிக்கையாளர் கதிரையில் பெரியவர் நிமிர்ந்து இருந்தார். தலை வாரியிருந்தது. சட்டை கழுத்துவரை பூட்டியிருந்தது, தொண்டைக் குழியில் வளையம் மின்னியது. கம்பளி இல்லை. அக்கா மெசினில் குனிந்த தலை நிமிரவில்லை. பெரியவர் என்னைப் பார்த்து, வெளியில் குளிரோ என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன். இன்னும் நிறையச் சட்டை இருக்கிறது என்று அவவிடம் சொல்லச் சொன்னார். பிற்காலத்தில் கை விளங்காத, கை நடுங்குகிற எத்தனையோ கிழவர்களின் சட்டை அந்தக் கடைக்கு வந்தது. முதல் சட்டை அதுதான்.

பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு என் கணவர் காரில் கூட்டிக்கொண்டு போனார். அக்கா சேலை கட்டியிருந்தார், நான்தான் கட்டிவிட்டேன். சேலைக்குக் கீழே பூட்ஸ். அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்டபம் முழுக்கக் கோட்டும் டையுமாகக் கிழவர்கள். பெரியவர் ஒரு கையால் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனபோது கதை பேச்சு குறைந்தது. முதலில் சட்டையைப் பார்த்தார்கள். பிறகு பின்னால் வந்த பச்சைத் தலையைப் பார்த்தார்கள். அக்கா சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார். நான் பெரியவருக்குக் கதிரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

போன் எடுத்த அந்தக் கூட்டாளி வந்து கையைப் பிடித்தார். ஓய்வுபெற்ற டொக்டர். வளையத்தைத் தொட்டுப் பார்த்து, உதென்ன உடுப்பு, எங்கே வாங்கினது என்று கேட்டார். கேலியோ அக்கறையோ எனக்குத் தெரியவில்லை. சுற்றிவர நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மகள் தைச்சது" என்றார் பெரியவர்.

டொக்டர் சாப்பாட்டு வரிசையை எட்டிப் பார்த்தார். "உங்கட மகளோ அது?"

"ஓம். ஒரே மகள்."

நான் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் கையில் தட்டு இருந்தது, வடை எடுத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் சொன்னவரோ என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்குப் பிறகு தட்டில் வடைக்குமேல் வடையாக வைத்துக்கொண்டே போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

திரும்பி வரும்போது பெரியவர் முன்சீற்றில் இருந்தார், நாங்கள் இரண்டு பேரும் பின்னால். எல்லாருக்கும் களைப்பு. ஹவுன்ஸ்லோவை நெருங்கும்போது பெரியவர் திரும்பாமலே, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாயிருக்கு."

நான் வழக்கம்போல அதைச் சொல்வதற்காக அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். முன்சீற்றுப் பக்கம் குனிந்து கேட்டார்.

"எவ்வளவு இறுக்கம், அப்பா?"

பெரியவர் வளையத்தில் ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்தார்.

"மூச்சு விட ஏலும். சாப்பிடத்தான் கஷ்டமாயிருந்தது, பிள்ளை."

"நாளைக்குத் தளர்த்தி விடுறன்."

"அவசரமில்லை" என்றார் பெரியவர்.

அடுத்த நாளிலிருந்து அந்தக் கடையில் எனக்குத் தபால்காரி வேலை இருக்கவில்லை. தேத்தண்ணி குடிக்க மட்டும் போய்வந்தேன்.